ஐந்து சென்டும் ஒரு நடைவழியும்

அம்மா பட்டுச் சேலையை வெளியே எடுப்பது கல்யாண வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும்தான். 1994-ல் ஒருநாள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் அதைக் கட்டிக்கொண்டு போனாள். எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போடவைத்து என்னையும் கூட்டிக்கொண்டாள். பெரிய மாமா வாடகைக்கு ஒரு அம்பாசடர் கார் பிடித்து வந்திருந்தார். சித்தி முன்பே ஏறி உட்கார்ந்திருந்தாள். வழி முழுக்க மூன்று பேரும் சின்ன வயதில் யாருடைய விளையிலோ திருடித் தின்ற அயனிச் சக்கையைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

அலுவலகத் திண்ணையில் நிற்க இடமில்லை. பத்திரம் எழுதுகிறவர் ஒரே மூச்சில் எதையோ வாசித்துக் காட்டினார், யாரும் காது கொடுத்ததாகத் தெரியவில்லை. அவர் காட்டிய இடத்திலெல்லாம் அம்மா கையெழுத்துப் போட்டாள். பெருவிரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். மதியம் மாமா எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார், எனக்கு மட்டும் கூடுதலாக ஓர் ஐஸ்கிரீம். வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலையை மடித்து பீரோவில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்றைக்கு அவள் எழுதிக் கொடுத்தது விடுதலைப் பத்திரம். பாட்டாவின், அதாவது அவளுடைய அப்பாவின், சொத்தில் தனக்குள்ள பங்கை அண்ணன் தம்பி பேருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். விடுதலை என்ற சொல்லை அதுவரை சுதந்திர தினத்தன்று மட்டும்தான் கேட்டிருந்தேன். யாரிடமிருந்து யாருக்கு விடுதலை என்று யோசிக்கும் வயதும் இல்லை.

2002-ல் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். சட்டம் என்றால் என்ன என்ற கேள்விக்கு ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டின் சொன்ன பதிலைத்தான் முதலில் மனப்பாடம் செய்தோம். இறையாண்மை உள்ளவர் இடும் கட்டளை, மீறினால் தண்டனை. பரீட்சைக்கு இது போதும். பாட்டாவின் ஒன்றேகால் ஏக்கருக்குத்தான் போதவில்லை. அவர் பிறந்தபோது மூலம் திருநாள் ராஜா. கல்யாணம் கட்டியபோது சித்திரைத் திருநாள். 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, ராஜா ராஜப்பிரமுகர் ஆனார், அதாவது அந்தப் புது மாநிலத்தின் தலைவர். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டம் என்ற பெயரில் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பாட்டா தன் புரையிடத்தை, வீடு நிற்கும் மண்ணை, விட்டு எங்கும் போகவில்லை. ராஜாவும் ராஜப்பிரமுகரும் சென்னைக்காரர்களும்தான் ஒருவர் பின் ஒருவராக வந்து கரந்தீர்வை வாங்கிப் போனார்கள்.

எல்லை மாறியது. சட்டம் அன்றைக்கே மாறிவிடவில்லை. 1956-ன் மாநில மறுசீரமைப்புச் சட்டத்தில் 119-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரு பகுதி இன்னொரு மாநிலத்துக்குப் போனாலும், உரிய சட்டமன்றம் மாற்றும்வரை, அங்கே அதுவரை இருந்த சட்டம் அப்படியே இருக்கும் என்று சொல்லும் பிரிவு. அதனால் எங்கள் ஊரில் தமிழ்நாட்டு போலீஸ் நின்றது, திருவிதாங்கூர்ச் சட்டம் நடந்தது. சென்னையில் இயற்றிய சட்டங்களில் எங்கள் மாவட்டத்துக்கு ‘மாற்றப்பட்ட பகுதி’ என்று பேர். பழைய பிரமாணங்களை, அதாவது பத்திரங்களை, எடுத்துப் பார்த்தால் தேதி கொல்லம் ஆண்டு என்ற மலையாள வருடக் கணக்கில் இருக்கும், பாதி எழுத்து மலையாளத்தில் இருக்கும். இப்போதும் ஒரு சொத்தின் பூர்வீகம் பார்க்க உட்கார்ந்தால் என் மேசையில் கால்குலேட்டரும் மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒரு குமஸ்தாவும் வேண்டும்.

அந்தத் திருவிதாங்கூர்ச் சட்டங்களில் ஒன்றுதான் 1092-ஆம் ஆண்டின் 2-ஆம் சட்டம். கொல்லம் 1092, அதாவது 1916. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மகளுக்கு என்ன சேரும் என்று அதில் கணக்கு இருக்கிறது: மகனுடைய பங்கில் கால்பாகம், அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால், கொடுப்பதாக வாக்குச் சொல்லியிருந்தால்கூட, அதற்கு மேல் அவள் கேட்க முடியாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பிரிக்கும் வழக்கம் இருந்த சில கிறிஸ்தவப் பிரிவினருக்கு அந்தச் சட்டமே விலக்குக் கொடுத்திருந்தது. அவர்கள் வழக்கத்தில் கை வைக்க அரசு துணியவில்லை போல. எங்கள் குடும்பத்துக்கு அந்த விலக்கு இல்லை.

அம்மாவுக்கு 1975-ல் கல்யாணம். பன்னிரண்டு பவுன் உருப்படி, ஏழாயிரம் ரூபாய் ரொக்கம். பாட்டா 1979-ல் இறந்தார். அந்த நேரத்தில் சட்டம் என்ன சொன்னது என்று கேட்டால், அதுவும் ஒரு கதை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 1970-களில் ஒரு தனி நீதிபதி, திருவிதாங்கூர்ச் சட்டம் செல்லாது, மகளுக்கும் சம பங்கு என்றார். சில ஆண்டுகளுக்குள் இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, பழைய சட்டமே செல்லும் என்றது. ஆக பாட்டா கண்ணை மூடியபோது அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. சீதனத்தோடு கணக்கு முடிந்திருந்தது.

பிறகு கோட்டயத்துக்காரரான மேரி ராய் அந்தப் பழைய சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. 1951 ஏப்ரல் 1 முதலே திருவிதாங்கூர்-கொச்சிக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்துவிட்டது, அன்றோடு பழைய சட்டம் போய்விட்டது, மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. கல்லூரியில் இதைப் பெண்ணுரிமைத் தீர்ப்பு என்று சொல்லித் தந்தார்கள். வாசித்துப் பார்த்தபோது எனக்குச் சிறிய ஏமாற்றம். ஆணும் பெண்ணும் சமமா என்ற அரசியல் சாசனக் கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை, அதற்கு அவசியம் இல்லை என்றுவிட்டது. எந்தச் சட்டம் எந்தத் தேதியில் எதை ரத்து செய்தது என்ற குமஸ்தாக் கணக்கில்தான் வழக்கு ஜெயித்தது. 1951-ல் நாங்களும் திருவிதாங்கூர்-கொச்சிக்குள் இருந்ததால் கணக்கு எங்களுக்கும் பொருந்தியது. அதன்படி பாட்டா இறந்த அன்றைக்கே அம்மா சம பங்குக்காரி. அந்த விஷயம் உலகத்துக்குத் தெரியவர ஏழு வருடம் ஆனது. இறந்தவருக்கு எந்தச் சட்டம் என்பதை அவர் கல்லறையில் பாசி பிடித்த பிறகு முடிவு செய்கிறார்கள் என்றால், ஆஸ்டினின் கட்டளையை யார் யாருக்கு இட்டார்கள்?

சரி, சம பங்கு வந்ததா? வரவில்லை. எங்கள் சொந்தத்தில் எனக்குத் தெரிந்து ஒரு பெண்ணும் வாங்கவில்லை. வந்தது வேறொன்று. பெரிய மாமாவுக்கு ரப்பர் விளையை வைத்து வீட்டுக் கடன் வாங்க வேண்டியிருந்தது. வங்கி வக்கீல் பத்திரங்களைப் புரட்டிவிட்டு, உங்களுக்குச் சகோதரிகள் உண்டா என்று கேட்டாராம். இரண்டு பேர் உண்டு என்றால், அவர்கள் கையெழுத்து வேண்டும். அதுதான் அம்பாசடர், அதுதான் பிரியாணி.

தீர்ப்பு வருவதற்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் எந்த அண்ணனும் தங்கையிடம் கையெழுத்துக் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவளுக்கு எதுவும் இல்லையே. தீர்ப்புக்குப் பிறகு எல்லாரும் கேட்டார்கள். ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் அது அவளுடையதாக இருந்தாக வேண்டும். பங்கு கைக்கு வராவிட்டாலும் அம்மா ஒரு நாள், காலையில் கார் வந்ததிலிருந்து மதியம் கையெழுத்துப் போடும் வரைக்கும், பங்குக்காரியாக இருந்தாள். அவள் ஏன் பட்டுக் கட்டினாள் என்று எனக்குப் புரிந்தது மூன்றாம் வருடத்தில், நூலகத்தில், அந்தத் தீர்ப்பை வாசித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில்தான்.

நடைமுறைக்கு வராத சட்டம் செத்த சட்டம் என்று பொதுவாகச் சொல்வோம். எனக்கு அதில் இப்போது சம்மதம் இல்லை. பின்பற்றப்படாத சட்டமும் ஊருக்குள் வேலை செய்கிறது, யார் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதை மாற்றிவிடுகிறது. இதைப் படிக்க வேண்டுமென்றால் சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆகாது, பதிவு அலுவலகத் திண்ணையிலும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் அப்படி உட்கார்ந்திருக்கிறார். ஆய்கன் ஏர்லிக், ஆஸ்திரியப் பேரரசின் கிழக்கு ஓரத்தில், இன்றைக்கு உக்ரைனில் இருக்கும் செர்னோவிட்ஸ் நகரத்துப் பேராசிரியர். ருமேனியர், உக்ரைனியர், யூதர், ஜெர்மானியர், ஆர்மீனியர் என்று பல இனத்தார் கலந்து வாழ்ந்த எல்லைப் பிரதேசம் அது. எல்லோருக்கும் பொதுவாக 1811-ன் ஆஸ்திரிய உரிமையியல் சட்டம் இருந்தது. ஆனால் அங்கத்திய விவசாயக் குடும்பங்களில் வளர்ந்த பிள்ளையின் சம்பாத்தியத்தைத் தகப்பன் வாங்கி வைத்துக்கொண்டான். அப்படிச் செய்யச் சட்டத்தில் இடமில்லை, ஆனாலும் பிள்ளைகள் கொடுத்தார்கள். ஏர்லிக் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, கிராமங்களுக்குப் போய் மக்கள் உண்மையில் எப்படிச் சொத்துப் பிரிக்கிறார்கள், எப்படிப் பெண் கொடுக்கிறார்கள், பத்திரத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டு வரச் சொன்னார். இதற்கு அவர் வைத்த பெயர் வாழும் சட்டம். நாலாம் வருடத்தில் அவரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் படித்தபோது, ஆள் கல்குளம் தாலுகாக்காரராக இருப்பாரோ என்று தோன்றியது.

எல்லைப் பிரதேசத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பக்கத்து வீட்டுக்கு வேறு சட்டம் என்பதைப் பார்த்தே வளர்கிறோம். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் நாஞ்சில் நாடு. அங்கே வேளாளர் குடும்பங்களில் ஒரு காலத்தில் தகப்பன் சொத்து மகனுக்குப் போகாது, மருமகனுக்குப் போகும். மருமகன் என்றால் சகோதரி மகன். தமிழ் பேசும் ஆட்கள், திருவிதாங்கூரின் மருமக்கள் வழி. காரணவர் என்ற குடும்பத் தலைவர் கையில் சொத்து, அவருடைய சொந்தப் பெண்டாட்டி பிள்ளைகள் வாய்பார்த்து நிற்க வேண்டும். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அந்த வழக்கத்தைச் சிரிக்கச் சிரிக்கப் பாடியதை எங்கள் ஊர்த் தமிழாசிரியர்கள் இன்றும் வகுப்பில் சொல்வார்கள். கொல்லம் 1101-ல், அதாவது 1926 வாக்கில், நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த வழியை உடைத்தது. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வரையறைப் பிரிவைப் புரட்டிப் பாருங்கள், அந்தச் சட்டத்தின் பெயர் அங்கே இருக்கும். டெல்லியில் எழுதிய சட்டத்துக்குள் நாஞ்சில் நாடு என்ற சொல்லைப் பார்த்த அன்றைக்கு விடுதியில் பக்கத்து அறைத் தோழியை எழுப்பிக் காட்டினேன். அவள் தோவாளைக்காரி. “அதுக்கு இந்த நேரத்துல எழுப்பணுமா?” என்றாள்.

இன்னும் பின்னால் போனால் துணி. தோள்சீலை வரலாறு எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் நீட்டவில்லை, ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். 1829-ல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மேல்சீலை போடக் கூடாது என்று அறிவித்தது. பெண்கள் போட்டார்கள். அறிவிப்பு காகிதத்தில்தான் கிடந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. சந்தையில் வைத்து ஒருத்தியின் சீலையைக் கிழிப்பவனுக்கு அது துணையாக நின்றது, 1858-லும் அதற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் நடந்த கலவரங்கள் வரை. கடைசியில் 1859 ஜூலை 26-ன் அறிவிப்பு மார்பை மூட அனுமதித்தது. அதிலும் ஒரு வால்: மீனவச் சாதியான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் மூடலாம், உயர்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது. முரடு எது, மென்மை எது என்று யார் தொட்டுப் பார்த்துச் சொல்வது? அதிகாரியா, ஊரா? அறிவிப்பை எழுதியவருக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

கடலோரத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல், மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல். சின்னமுட்டம் விசைப்படகுக்கு முதல் கணக்கு, குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இரண்டாவது கணக்கு. ஒரே மாவட்டத்தில் மீனின் இனப்பெருக்கத்துக்கு இரண்டு காலண்டர்.

அம்மாவிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன். “ஒனக்குச் சம பங்கு உண்டும்ணு தெரியாமலா கையெழுத்துப் போட்ட?”

“ஏன் தெரியாது? தீர்ப்பு வந்த அன்னைக்கே உங்க அப்பா பேப்பர்ல வாசிச்சுக் காட்டினாரு.”

“பின்னே?”

“பங்கு வாங்கினா நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு ஆரு மக்களே வருவா? நான் செத்தா கோடி கொண்டு வரவேண்டியது அவனாக்கும்.”

கோடி என்றால் புதுச் சேலை. எந்த வயதில் செத்தாலும் பெண்ணின் உடம்பின் மேல் பிறந்த வீட்டுச் சேலை விழ வேண்டும். அதற்கு முன்னால் முதல் பிரசவம், பிள்ளைக்குக் காதுகுத்து, மகள் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்பது, புருஷன் வீட்டில் தகராறு என்றால் கேட்க ஒரு ஆள். ஒன்றேகால் ஏக்கரில் தன் பங்கை அம்மா இதோடெல்லாம் தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறாள். சட்டம் தெரியாதவள் செய்த காரியம் என்று அதை எப்படிச் சொல்வது?

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் விழிப்புணர்வு முகாம்களில் நானும் போய்ப் பேசுகிறேன். நவம்பர் 9 சட்டப் பணிகள் தினம் வந்தால் தவறாது. மைக்கைப் பிடித்து “பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை உண்டு” என்று ஆரம்பித்தால் முன்வரிசையில் ஒரு அக்கா கொட்டாவி விடுவாள். அவளுக்கு அது பழைய செய்தி. இந்துவாக இருந்தால் 1989-ன் தமிழ்நாட்டுத் திருத்தம், 2005-ன் மத்தியத் திருத்தம் எல்லாம் அவள் வீட்டிலேயே பேசப்பட்டு முடிந்திருக்கும். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் உண்மையான கேள்விகள் வரும். “கேஸ் போட்டா எத்தன வருசம் ஆவும்?” “அண்ணனுக்க மகனுக்குத்தான் என் மோளைக் கட்டிக் கொடுத்திருக்கேன், அண்ணன் மேல கேஸ் போட்டா அவ வாழ்க்க என்ன ஆவும்?” இரண்டாவது கேள்விக்கு எந்தப் பிரிவில் பதில் இருக்கிறது?

இவ்வளவும் சொன்னால் அந்த ஏற்பாட்டுக்கு நான் வக்காலத்து வாங்குவதாகத் தோன்றும். சித்தியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2001-ல் சித்தப்பா இறந்துவிட்டார். வாடகை வீடு, இரண்டு பெண் பிள்ளைகள். சித்தி பிறந்த வீட்டுக்கு வந்தாள். இரண்டு மாதம் ஆனது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மைனி, மாமாவின் மனைவி, பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னாள்: “எல்லாம் எழுதிக் கொடுத்தாச்சுல்லா.” மாமா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். மறுநாள் சித்தி பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அண்டி ஆபீசில், முந்திரி ஆலையில், கொட்டை உடைத்து இரண்டு பெண்களையும் நர்சிங் படிக்க வைத்தாள். கையில் அந்த அண்டிப்பால் பட்ட கறுப்பு இன்னும் போகவில்லை. அம்மா அந்தச் சம்பவத்தைப் பற்றி என்னிடம் பேசியதே கிடையாது. கோடியைப் பற்றியும் அதற்குப் பிறகு பேசவில்லை.

தட்டில் நிறுத்தது சரி, மறுதட்டில் வைத்தது வெறும் வாக்கு. பதிவு அலுவலகத்தில் சித்தி கொடுத்ததற்கு முத்திரைத்தாளும் சாட்சியும் உண்டு, மாமா கொடுத்ததற்கு எதுவும் கிடையாது. வாழும் சட்டம் என்று ஏர்லிக் ஆசையாகச் சொன்னதில் எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

போன வருடம் பத்மநாபபுரத்தில் என் அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். எண்பது தாண்டியிருக்கும், கிறிஸ்தவர், மூன்று மகன், இரண்டு மகள். உயில் எழுத வேண்டும். எழுபது சென்ட் இருக்கிறது, எப்படிப் பிரிக்க என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

“ஆணுக்கு ஆளுக்கு இருபது. பொண்ணுக்கு அஞ்சஞ்சு.”

பேனாவை வைத்துவிட்டேன். இருபதில் கால்பாகம் ஐந்து. 1092-ஆம் ஆண்டின் 2-ஆம் சட்டத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கிறாரா என்று கேட்டேன். அப்படி ஒன்று உண்டா என்றார். ஐந்து என்று ஏன் வைத்தீர்கள்? “அதுதானே முறை. ஒண்ணும் கொடுக்கலேண்ணு நாளைக்குச் சொல்லப்பிடாது.” உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை 1951-லேயே செத்ததாக அறிவித்து ஏறக்குறைய நாற்பது வருடம் ஆகிறது. கால்பாகம் இந்த மனிதரின் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே அது அவருடைய தாத்தாவின் நாக்கிலும் இருந்திருக்கலாம், சட்டத்தை எழுதியவர்கள் அங்கிருந்து எடுத்திருக்கலாம்.

உயில் அவருடைய இஷ்டம். எழுதினேன். இளைய மகள்தான் அவரை ஆட்டோவில் கூட்டி வந்திருந்தாள், ஐம்பது வயது இருக்கும். சாட்சி ஒருவர் குறைந்தபோது, நான் போடட்டுமா என்று எழுந்து வந்தாள். போடாதீர்கள் என்றேன். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 67-ஆம் பிரிவு, உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த உயிலில் வைத்த சொத்துச் சேராது, உங்கள் ஐந்து சென்ட் போய்விடும். அவள் கையை இழுத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மேசைக்கு அருகில் வந்து நான் எழுதியிருந்ததைக் குனிந்து பார்த்தாள்.

“மேடம், இந்த அஞ்சு சென்டு அண்ணனுக்க விளைக்குப் பின்னாலல்லா கிடக்கு. அதுக்கு நடைவழி எழுதியிருக்கியளா?”

எழுதியிருக்கவில்லை. பெரியவரைப் பார்த்தேன். அவர் மகளைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “நாலடி போதுமா?” என்று கேட்டார்.

“ஆட்டோ வரணும்ப்பா” என்றாள் அவள்.

ஆறடி என்று எழுதினேன்.